எல்லோரும் சாப்பிடும் நேரத்தில்: மாற்றுத்திறன் கொண்ட குழந்தையை வளர்க்கத் தொடங்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்கு செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் உடலசைவு குன்றும் நிலை) என்றோ ஆட்டிசம் என்றோ டவுன் சிண்ட்ரோம் என்றோ மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பெற்றோரின் கைப்பையில் தாள்கள் சேரத் தொடங்கிவிடும். பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், பிசியோதெரபி அட்டவணை, அடுத்த சந்திப்பின் தேதி எல்லாம் அவற்றில் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குக் குழந்தை எங்கே உட்காரும், வழிபாட்டுக்குக் குடும்பம் எப்படிச் சேர்ந்து போகும், மூத்த பிள்ளையின் வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பார்கள் என்பவை மட்டும் எந்தத் தாளிலும் இரா. வீடு முழுவதையும் சிகிச்சைக்கூடமாக மாற்றிவிடும் குடும்பங்கள் விரைவில் களைத்துப்போகின்றன. வீட்டில் ஏற்கெனவே நடக்கும் சாப்பாடு, குளியல், பிரார்த்தனை, உறக்கம் ஆகியவற்றில் குழந்தைக்கு முழு இடம் கொடுத்து, பயிற்சிகளையும் அவற்றுக்குள்ளேயே பொருத்திக்கொள்ளும் குடும்பங்களால்தான் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடிகிறது. அதற்கான வழிகளையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சில நாட்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், குழந்தையின் ஒரு வழக்கமான வாரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஊட்டத் தொடங்கினீர்கள், எப்போது முடிந்தது, எந்த உணவில் இருமல் வந்தது, எப்போது மலம் கழித்தது, எப்போது உறங்கியது, வலிப்பு வந்திருந்தால் அதற்கு முந்தைய இரவு எப்படிக் கழிந்தது என்பன போதும். ஒரு வேளைச் சாப்பாடு நாள்தோறும் அரை மணி நேரத்துக்கு மேல் நீள்வது, சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுவது, சாப்பிட்டு முடித்ததும் தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் கரகரப்பது, கண்களில் நீர் தளும்புவது, மாதக்கணக்கில் எடை ஏறாதிருப்பது, நெஞ்சுச்சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விழுங்குதலைப் பரிசோதிக்கத் தெரிந்த பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அந்த நோட்டுப் புத்தகத்தோடு செல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இருமல் இல்லை என்பதாலேயே உணவு மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நரம்பு சார்ந்த குறைபாடுள்ள குழந்தைகள் சிலருக்கு இருமலே வராமல் உணவும் நீரும் நுரையீரல் பக்கம் இறங்குவதுண்டு. அதைக் கண்டறிய, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே வழியே நேரடியாகப் பார்க்கும் வீடியோஃப்ளூரோஸ்கோபி என்னும் பரிசோதனை உண்டு.

இரண்டாம் படி: உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள்

எதை ஊட்டுவது என்று யோசிப்பதற்கு முன்பே எப்படி உட்கார வைப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். பாதங்கள் காற்றில் தொங்காமல் ஒரு பலகையின் மீதோ பெட்டியின் மீதோ பதிந்திருக்க வேண்டும். தலை நடுவில் நின்று, தாடை சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். பாதத்துக்கும் விழுங்குவதற்கும் என்ன தொடர்பு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். பாதம் ஊன்றாத குழந்தை விழாமல் இருப்பதற்கே தன் தசைகளின் பலம் முழுவதையும் செலவழித்துவிடும் என்பதால் மெல்லவும் விழுங்கவும் மிச்சம் இருக்காது. மடியில் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டும் பழக்கம் எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டியதே, ஏனெனில் தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் திறந்துகொண்டு உணவு தானாகவே வழுக்கி அதற்குள் போகும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தையின் உடல்வாகுக்கு ஏற்பச் சிகிச்சையாளர் வேறு நிலையைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஊட்டுபவர் நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். ஆகவே ஒரு தாழ்வான முக்காலியில், குழந்தையின் கண்மட்டத்துக்கு நேரே உட்காருங்கள். குழியில்லாத தட்டையான சிறு கரண்டியில் பாதியளவு மட்டும் எடுத்து, உணவைக் குழந்தை பார்க்கும்படி ஒரு கணம் காட்டி, நாக்கின் நடுப்பகுதியில் கரண்டியை மெல்ல அழுத்தி, உதடுகள் மூடும்வரை காத்திருந்து, கரண்டியை நேராக வெளியே எடுக்க வேண்டும். மேல் பல்லில் வழித்து எடுத்தால் குழந்தை தன் உதட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாது. பிறகு தொண்டையைப் பாருங்கள்: குரல்வளை ஒரு முறை மேலே ஏறி இறங்கினால்தான் விழுங்கியாயிற்று என்று பொருள். அதற்கு முன் அடுத்த வாயைக் கொண்டுபோகக் கூடாது. சாப்பிட்டு முடித்தபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருப்பது, எதுக்களிப்பு உள்ள குழந்தைகளுக்கு மிகவும் உதவும்.

மூன்றாம் படி: ஒரே சமையல், வேறு பதம்

குழந்தைக்கென்று தனியாக ஒரு சமையல் என்ற ஏற்பாட்டைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். அது சமைப்பவரை ஒடித்துவிடும், குழந்தையையும் குடும்பத்தின் ருசியிலிருந்து விலக்கிவிடும். எல்லோருக்கும் சமைத்ததிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக் குழந்தையின் பதத்துக்குக் கொண்டுவர முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பதம் என்பதற்கு இப்போது உலகெங்கும் ஒரு பொது அளவுகோல் உண்டு. ஐடிடிஎஸ்ஐ என்று அழைக்கப்படும் அந்த அளவுகோல் பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது: 0 என்பது தண்ணீர், 4 என்பது மைய மசித்த உணவு, 5 என்பது நறுக்கி ஈரப்படுத்தியது, 6 என்பது மென்மையான சிறு துண்டுகள், 7 என்பது வழக்கமான சாப்பாடு. சிகிச்சையாளர் உங்கள் குழந்தைக்கு எந்த எண்ணைச் சொன்னாரோ அதை வீட்டிலுள்ள முள்கரண்டியாலேயே சோதித்துக்கொள்ளலாம். ஆறாம் நிலைத் துண்டு குழந்தைகளுக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது; அதன்மேல் முள்கரண்டியை வைத்துக் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் துண்டு நசுங்க வேண்டும், விரலை எடுத்தபின் பழைய வடிவத்துக்குத் திரும்பக் கூடாது. ஐந்தாம் நிலையில் குழந்தைகளுக்கான கட்டியின் அளவு வெறும் 2 மில்லிமீட்டர். நான்காம் நிலை உணவு கரண்டியில் வடிவத்தோடு நிற்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் ஒட்டிக்கொள்ளாமல் ஒரே கட்டியாக விழ வேண்டும்.

மசித்த உணவைவிடக் கடினமானது எது என்று கேட்டால், பலரும் எதிர்பாராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: நீர்த்த திரவத்தில் துண்டுகள் மிதக்கும் உணவு. திரவம் முன்னே ஓடிவிட, துண்டு வாயில் மெல்லப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது விழுங்கும் சிரமமுள்ள குழந்தைக்கு இயலாத காரியம். திரவம் வேகமாக ஓடிவிடுவதால் வெறும் தண்ணீரும் சிலருக்கு ஆபத்தாகிறது. கெட்டிப்படுத்தும் பொடியைச் சிகிச்சையாளர் பரிந்துரைத்தால் சொன்ன அளவில் மட்டும் கலக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தைகளுக்கு அதை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. முழுத் திராட்சை, கொட்டைகள், கடினமான மிட்டாய் ஆகியவற்றை இந்தக் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

மலச்சிக்கல் இந்தக் குழந்தைகள் பலருக்கு உண்டு, அதுவே பசியையும் கெடுக்கும். சாப்பிட்ட கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் குடல் இயல்பாகவே அசையும் என்பதால், அந்த நேரத்தில் பாதங்கள் ஊன்றியபடி ஐந்து முதல் பத்து நிமிடம் கழிப்பறை இருக்கையில் உட்கார வைத்தால் பலன் கிடைக்கும்.

நான்காம் படி: சாப்பிட மறுக்கும் குழந்தை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலர் ஒரே நிறத்தில் இருக்கும் உணவையோ ஒரே பிராண்டின் ஒரே பொட்டலத்தையோ மட்டும் ஏற்பார்கள். இதைப் பிடிவாதம் என்று உறவினர்கள் பெயரிடுவார்கள். மணமும் வழவழப்பும் மொறுமொறுப்பும் அந்தக் குழந்தையின் புலன்களில் வேறு அளவில் பதிகின்றன என்பதே உண்மை. ஊட்டச்சத்து நிபுணர் எல்லின் சாட்டர் வகுத்த ஒரு பிரிவினை இங்கே உதவும்: எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெற்றோரின் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. தட்டில் ஒரு பழகிய உணவு எப்போதும் இருக்கட்டும். அதன் அருகில், தொட்டுக்கொண்டிராதபடி, ஒரு புதிய உணவு மிகச் சிறிய அளவில் இருக்கட்டும். அதை வாயில் போடச் சொல்லி யாரும் கெஞ்சவோ மிரட்டவோ லஞ்சம் கொடுக்கவோ வேண்டாம். எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைகளுக்கே ஒரு புதிய உணவு பழக்கமாக எட்டு முதல் பதினைந்து முறை அதைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. உங்கள் குழந்தைக்கு அதைவிட அதிகமாகலாம். பார்த்தது, முகர்ந்தது, விரலால் தொட்டது எல்லாமே கணக்கில் சேரும்.

இந்தப் பிரிவினை எல்லோருக்கும் பொருந்தாது. பிரேடர்-வில்லி சிண்ட்ரோம் என்னும் மரபணுக் குறைபாடு உள்ள குழந்தைக்கு வயிறு நிறைந்தது என்ற உணர்வே சரியாக எழாது. அங்கே அளவைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும், உணவு இருக்கும் இடத்தைப் பூட்டுவதும் கொடுமையாகாது. எடை குறைந்துகொண்டே போகும் குழந்தையிடமும் "பசித்தால் தானே சாப்பிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

வாய்வழி உணவு போதாத நிலையில் வயிற்றில் நேரடியாகக் குழாய் பொருத்துவதை மருத்துவர் பரிந்துரைக்கலாம். வயிற்றைக் கிழித்து அறுவை செய்யாமல் வாய் வழியே செலுத்தி உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப் என்ற கருவியின் உதவியோடு அந்தக் குழாயைப் பொருத்தும் முறை 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் முதன்முதலாகச் செய்யப்பட்டது ஒரு குழந்தைக்குத்தான். பெற்றோர் பலர் இதைத் தங்கள் தோல்வியாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள், குழந்தையோ அதற்குள் மேலும் மெலிந்துவிடுகிறது. என் கருத்தில், நாளில் பல மணி நேரம் ஊட்டுவதில் அழுது தீர்ப்பதைவிட, குழாய் வழியே சத்தைக் கொடுத்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட அளவில் இரண்டு வாய் ருசிக்காக மட்டும் ஊட்டும் வீட்டில் சாப்பாட்டு நேரம் மகிழ்ச்சியாக இருக்கும். குழாய் வழியே உண்ணும் குழந்தையும் மற்றவர்கள் சாப்பிடும் அதே நேரத்தில் அதே இடத்தில் உட்கார வேண்டும். தனி அறையில் படுக்க வைத்துக் கொடுப்பது வசதியாக இருந்தாலும் அதைப் பழக்கமாக்காதீர்கள்.

ஐந்தாம் படி: "போதும்" என்று சொல்ல வழி செய்யுங்கள்

பேச்சு வராத குழந்தைக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய இரண்டு சொற்கள் "இன்னும்", "போதும்" ஆகியவை. சைகையாகவோ படமாகவோ கண்ணசைவாகவோ இருக்கலாம். நாளில் பல முறை வரும் சாப்பாட்டு நேரமே அதற்கான வகுப்பு. கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள், ஏனெனில் பதில் சொல்லத் தசைகளை ஒருங்கிணைக்கச் சில குழந்தைகளுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். "போதும்" என்று குழந்தை காட்டிய பிறகும் "இன்னும் ஒரே வாய்" என்று திணித்தால், அந்தச் சைகைக்கு மதிப்பில்லை என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். படங்களும் சைகைகளும் பேச்சைத் தடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

இதோடு சேர்ந்தே எழும் மற்றொரு அறிவுரை, வீட்டு மொழியை விட்டுவிட்டுப் பள்ளியின் மொழியிலேயே பேசச் சொல்வது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது ஆட்டிசம் அல்லது டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்குக் கேடு செய்வதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தாத்தா பாட்டியும் பிரார்த்தனையும் தாலாட்டும் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த மொழியைக் குழந்தையிடமிருந்து பறித்துவிட்டால், குடும்பப் பேச்சுக்கு நடுவே அது வெளியாளாக உட்கார்ந்திருக்கும்.

ஆறாம் படி: வழிபாட்டுக்கு அழைத்துச் செல்லுதல்

கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, ஒலியும் கூட்டமும் காத்திருப்பும் நிறைந்த இடங்களே. ஆகவே முதல் முறை கூட்டமில்லாத வேளையில், வழிபாடு எதுவும் நடக்காதபோது, வெறும் இடத்தைப் பார்க்க மட்டும் அழைத்துச் செல்லுங்கள். நுழைவாயில், காலணி வைக்கும் இடம், உட்காரும் இடம், கழிப்பறை ஆகியவற்றைக் கைபேசியில் படமெடுத்து வந்து வீட்டில் வரிசையாகக் காட்டுங்கள். அடுத்த முறை வழிபாட்டின் கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லலாம். தொடக்கத்திலிருந்து இருந்து பாதியில் அழுதுகொண்டு வெளியேறுவதைவிட, முடியும் தறுவாயில் சென்று எல்லோரோடும் சேர்ந்து வெளியே வருவது குழந்தைக்கு நல்ல நினைவாகப் பதியும். வாசலுக்கு அருகில் உட்காருங்கள், ஒலியைக் குறைக்கும் காதுமூடியைக் கொண்டுபோங்கள், குழந்தை நிலைகுலைவதற்கு முன்பே கிளம்புங்கள். வீல்சேர் நுழைய வழியில்லை என்றால், பொறுப்பாளரிடம் ஒரு சாய்வுப் பலகை வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

வீட்டில் நடக்கும் பிரார்த்தனையில் குழந்தைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, அழுத்தினால் ஒலிக்கும் பெரிய பொத்தான் போன்ற கருவி கிடைக்கிறது. பிரார்த்தனையின் இறுதியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் சொல்லை அண்ணனோ அக்காவோ அதில் பதிந்து வைத்தால், பேசாத குழந்தை தன் கையாலோ கன்னத்தாலோ அதை அழுத்திப் பிரார்த்தனையை முடித்துவைக்கும். அது அழுத்தும்வரை வீடு காத்திருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம்.

நோன்பு, விரதம் பற்றித் தெளிவாக இருங்கள். வலிப்பு மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். தூக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும் என்பதால், இரவு விழிப்பு வழிபாடுகளுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். சமயங்களே இதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. ரமலான் நோன்பு பருவமடையாத குழந்தைகளுக்குக் கடமையில்லை, நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பிலிருந்து நோயுற்றோருக்கு மட்டுமின்றி அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. பராமரிப்பவரும் களைப்பவர்தான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் உணர்வதற்குச் சில நேரம் அதைவிடத் தாமதமாகிறது.

வழிபாட்டிடத்தில் தரப்படும் உணவையும் பதம் பார்த்தே கொடுங்கள். கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தை மிகக் குறைத்த கீட்டோஜெனிக் உணவுமுறையில் இருக்கும் குழந்தைக்குச் சிறிதளவு இனிப்பும் கட்டுப்பாட்டைக் குலைக்கும். 1921இல் வலிப்புக்காக முன்வைக்கப்பட்ட இந்த உணவுமுறை மருத்துவக் கண்காணிப்பில் கிராம் கணக்கில் அளந்து கொடுக்கப்படுவது. ஒரு வயது நிறையாத எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது.

ஏழாம் படி: "யார் செய்த பாவம்?"

இந்தக் கேள்வி உங்களை நோக்கி வராமல் இருக்காது, நேராக இல்லாவிட்டாலும் பெருமூச்சாக வரும். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் பாவம் செய்தாரா பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் நபிகளின் காலத்திலேயே மதீனாவில் பாங்கு சொன்னார். உடலில் எட்டுக் கோணல்களோடு பிறந்த அஷ்டாவக்கிரரிடம்தான் சனக மன்னர் ஞானம் கேட்டார். இவற்றை நினைவில் வைத்திருந்தால், கேட்பவரின் சமயத்திலிருந்தே அமைதியாகப் பதில் சொல்ல முடியும். விவாதத்தை நீட்ட வேண்டியதில்லை.

வேண்டுதலும் காணிக்கையும் உங்கள் விருப்பம். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவர், முழுக் குணத்துக்கு உறுதி தருபவர், பெயர் சொல்லாத பொடியைக் கொடுப்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் விலகியிருங்கள். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்தது சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது, ஈயமோ வளரும் மூளையையே தாக்குவது.

எட்டாம் படி: மற்றவர்களின் பங்கு

உடன்பிறந்தவர்களுக்கு அவர்கள் வயதுக்குப் புரியும் சொற்களில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இது தொற்றாது, யாராலும் வந்ததில்லை, அவர்கள் கோபப்படுவதில் தவறில்லை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவர்களை இரண்டாம் தாயாக மாற்றிவிடக் கூடாது. வாரத்தில் ஒரு குறித்த நேரமாவது பெற்றோரில் ஒருவர் அவர்களுக்கே உரியவராக இருக்கட்டும்.

ஊட்டும் வேலை ஒருவரிடமே நிற்காதபடி, தொடக்கத்திலேயே குறைந்தது இருவருக்குப் பழக்குங்கள். இந்த வீடுகளில் பெரும்பாலும் தாய்தான் கடைசியில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுகிறார். வேளையை மாற்றிக்கொண்டால் அவரும் சூடாகச் சாப்பிடலாம், குழந்தையும் ஒரே கைக்குப் பழகிப் பிறரிடம் வாய் திறக்க மறுக்கும் நிலை வராது. குழந்தை வளர வளர, தூக்குவதில் முதுகு போகும். இடமாற்றும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: ஒரு தாள்

குழந்தையைச் சில மணி நேரம் பிறர் பார்த்துக்கொள்ள வேண்டி வரும். அதற்காக ஒரே பக்கத்தில் எழுதி, சமையலறையில் ஒன்றும் பையில் ஒன்றும் வையுங்கள். உட்கார வைக்கும் நிலை, உணவின் பத எண், கொடுக்கக் கூடாதவை, "போதும்" என்பதற்கான சைகை, மருந்தின் பெயரும் அளவும் நேரமும், மருத்துவரின் எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் வைக்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்கவும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்கவும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மருந்தின் அளவோ உணவின் பதமோ மாறும் அன்றே புதிய தாளைத் தேதியிட்டு எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.